மூன்று பெயர், இரண்டு பேனல்

தன் தொலைக்காட்சித் தொழிலைச் சீனாவின் டிசிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தப்போவதாகச் சோனி 2026 ஜனவரி 20 அன்று அறிவித்தது. புதிய கூட்டு நிறுவனத்தில் டிசிஎல்லுக்கு 51 சதவீதம், சோனிக்கு 49 சதவீதம். 2027 ஏப்ரலில் தொடங்கத் திட்டம். பெட்டியின் மேல் 'சோனி', 'பிராவியா' என்ற பெயர்கள் அப்படியே இருக்குமாம். அன்றிலிருந்து நம்மூரில் துக்கம் விசாரிப்பு ஓயவில்லை. "சோனியும் போச்சு, இனி சாம்சங்கா எல்ஜியா?" என்று இரண்டு லட்சம், மூன்று லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். விமர்சனக் காணொளி போடுகிறவர்களுக்கு நல்ல வேட்டை.

இந்தத் தவிப்பைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மூன்று பேர் முட்டிமோதுவதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் களத்தில் அப்படியொரு மோதல் நெடுநாளாகவே இல்லை.

விலை கூடிய தொலைக்காட்சி என்றதும் கடைக்காரர் முதலில் கைகாட்டுவது ஓஎல்இடி. பெரிய அளவு ஓஎல்இடி பேனலை உலகச் சந்தைக்குச் செய்து தருகிறவர்கள் இரண்டே பேர்: எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே. இரண்டுமே தென் கொரியா. சோனி சொந்தமாக ஒரு பேனல்கூடச் செய்வதில்லை. 2017-இல் வந்து பேர் வாங்கிய அதன் ஏ1 மாடலில் இருந்தது எல்ஜி டிஸ்ப்ளேயின் பேனல். 2022-இல் வந்த ஏ95கே மாடலில் இருந்தது சாம்சங் டிஸ்ப்ளேயின் பேனல். எல்ஜி ரசிகரும் சாம்சங் ரசிகரும் சேர்ந்து கேலி செய்த அந்தச் சோனிக்குள் இருந்தவை அவர்கள் சொந்த வீட்டுச் சரக்குதான்.

சாம்சங் கதை இன்னும் சுவையானது. 2013-இல் 55 அங்குல ஓஎல்இடி ஒன்றைக் கொண்டுவந்து, சீக்கிரமே கைவிட்டது. அப்புறம் சில ஆண்டுகள் எல்ஜியின் ஓஎல்இடியில் படம் பதிந்து அழியாத கறையாக நின்றுவிடும் என்று விளம்பரம் போட்டே பயமுறுத்தியது. அதற்கு மாற்றாக அது விற்ற க்யூஎல்இடி, பின்விளக்கு கொண்ட எல்சிடி ரகமே. 2022-இல் தானும் ஓஎல்இடி விற்க வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த 83 அங்குல எஸ்90சி மாடலுக்குப் பேனல் வாங்கியது யாரிடம்? எல்ஜி டிஸ்ப்ளேயிடம். அதே மாடலின் 55, 65, 77 அங்குலப் பெட்டிகளில் இருந்தது சாம்சங்கின் சொந்தப் பேனல். மாடல் பெயர் ஒன்று, விளம்பரம் ஒன்று, உள்ளே இருக்கும் பேனல் மட்டும் வேறு. வாங்குகிறவருக்கு இதை அட்டைப்பெட்டியில் அச்சடித்துச் சொன்னார்களா? இல்லை. சொல்லச் சொல்லி நம் சட்டம் எதுவும் கேட்கவும் இல்லை.

எல்சிடி பக்கம் போனால் நிலைமை இன்னும் வெளிப்படை. சாம்சங் டிஸ்ப்ளே 2022-இல் எல்சிடி உற்பத்தியை மூடிவிட்டது. எல்ஜி டிஸ்ப்ளே தன் குவாங்சோ எல்சிடி ஆலையை 2025-இல் விற்றது. வாங்கியவர் வேறு யாருமில்லை, டிசிஎல்லின் பேனல் பிரிவான சிஎஸ்ஓடி. ஆக, மினி எல்இடி என்ற எல்சிடி ரகத்தில் எந்தப் பெயர் ஒட்டிய பெட்டியை வாங்கினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சீனப் பேனல். சோனி டிசிஎல்லிடம் போய்விட்டதே என்று இப்போது அழுகிறவர்கள் சில ஆண்டுகள் தாமதமாக அழுகிறார்கள்.

பெயர் நிற்க ஆள் மாறுவது இந்தத் தொழிலில் புதிதும் அல்ல. பிலிப்ஸ் தொலைக்காட்சி 2012-இலேயே டிபிவி கைக்குப் போய்விட்டது. ஷார்ப் நிறுவனத்தை 2016-இல் ஃபாக்ஸ்கான் வாங்கியது. தோஷிபாவின் தொலைக்காட்சித் தொழிலை வாங்குவதாக ஹைசென்ஸ் அறிவித்தது 2017-இல். நம் சென்னையின் சாலிடேருக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. பெயரோடு சேர்ந்தே மறைந்தது.

"பேனல் யாருடையதாக இருந்தால் என்ன சார், பிராசஸர்தானே முக்கியம்" என்று ஷோரூம் இளைஞர் சொல்வார். சோனி பக்தர்களின் கடைசிக் கோட்டை இது. சரி, அந்தப் பிராசஸர் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. இங்கும் சொல்லாமல் விடப்போவதில்லை.

4கே திரையில் குறுக்கே 3840 புள்ளிகள், நெடுக்கே 2160. பெருக்கினால் 82,94,400. நம் வீட்டுக்கு கேபிளிலோ டிஷ்ஷிலோ வரும் சாதாரண எஸ்டி சேனலில் முழு அளவே 720-க்கு 576. பெருக்கினால் 4,14,720. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். மீதமே இல்லாமல் 20 வரும். மெகா சீரியலில் மாமியார் முகம் உங்கள் மூன்று லட்ச ரூபாய் திரையில் தெரியும்போது, இருபது புள்ளியில் ஒன்றுதான் நிலையத்திலிருந்து வந்தது. மற்ற பத்தொன்பதும் பெட்டி தானாக ஊகித்துப் போட்டவை. ஒரு டம்ளர் டிகாக்ஷனில் இருபது பேருக்குக் காபி ஆற்றுகிற வேலை இது. ஆற்றுகிறவர் கை சோனியா, சாம்சங்கா, எல்ஜியா என்பதில்தான் இந்தச் சண்டை முழுக்க. 8கே பெட்டி வாங்கியவருக்கு இந்த இருபது எண்பது ஆகிவிடும். டிசிஎல்லும் சோனியும் அந்த வம்பே வேண்டாம் என்று 8கே-யிலிருந்து விலகிவிட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எச்டி சேனலுக்கே கூடுதல் காசு கொடுத்தாலும் நாலில் ஒரு புள்ளிதான் அசல்.

ஓடிடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்க்க மாதம் 649 ரூபாய்த் திட்டம் வேண்டும். அதற்கு 15 எம்பிபிஎஸ் வேகம் போதும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 4கே ப்ளூ-ரே தட்டு நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தரவல்லது. அந்தத் தட்டைச் சென்னையில் எத்தனை கடையில் பார்த்திருக்கிறீர்கள்? படத்தைப் பிழிந்து சக்கையாக்கி அனுப்புகிறவனை ஒருவரும் கேட்பதில்லை. திரையின் ஒளி ஆயிரம் நிட்ஸா, இரண்டாயிரமா என்று மட்டும் மல்லுக்கட்டுகிறோம். அந்த நிட்ஸ் எண்ணும் பெரும்பாலும் திரையில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டத்தை எரியவிட்டு அளந்தது. முழுத்திரையும் வெள்ளையானால் ஓஎல்இடியின் ஒளி சடாரென்று இறங்கிவிடும். ஷோரூமில் 'விவிட்' மோடில் ஓடும் கிளி, மீன், எரிமலை டெமோ வீடியோவில் இது தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த வீடியோ.

இவ்வளவுக்கும் நடுவில் அரசு என்ன செய்தது? வரியைக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. இரண்டு லட்ச ரூபாய் அடிப்படை விலையுள்ள பெட்டிக்கு 20,000 ரூபாய் மிச்சம். ஒற்றை அறை வீட்டின் 32 அங்குலப் பெட்டிக்கும் பங்களாவின் 83 அங்குல ஓஎல்இடிக்கும் இப்போது ஒரே வரி. பண்டிகைக் காலம், எல்லாரும் கைதட்டினார்கள். இந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்கும்போது நிறுவனங்களிடம் பதிலுக்கு ஒன்று கேட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டால் அவர்கள் வளைவார்கள் என்பதற்குச் சான்று ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. தொலைக்காட்சியின் அடக்க விலையில் பாதிக்கு மேல் விழுங்குவது ஓப்பன் செல் எனப்படும் பேனல்தான். 2018-இல் அதற்கு இறக்குமதி வரி போட்டார்கள். சாம்சங் அங்கே தொலைக்காட்சி தயாரிப்பதை நிறுத்திவிட்டு வியட்நாமிலிருந்து கொண்டுவரத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் அந்த வரியை நீக்கினார்கள், 2020 அக்டோபரில் 5 சதவீதமாகத் திரும்பப் போட்டார்கள். ஐந்து சதவீதத்துக்காகத் தயாரிப்பையே கப்பலேற்றும் நிறுவனம், பத்து சதவீதத்துக்காக அட்டைப்பெட்டியில் இரண்டு வரி கூடுதலாக அச்சடிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுமா?

அந்த இரண்டு வரி: பேனல் யார் செய்தது, உடைந்தால் மாற்ற என்ன விலை. இன்று அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி இருக்கிறது, அதிகபட்ச விலை இருக்கிறது, மின்சிக்கன நட்சத்திரம் இருக்கிறது. வாரண்டி முடிந்த மறுமாதம் திரையில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் எங்கும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் பேனல் விலை புதுப் பெட்டியை எட்டிப்பிடிக்கும். "இதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்று அவர்களே ஆலோசனையும் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் பவர் சப்ளை போன்ற உதிரிப் பாகங்கள் ஏழு ஆண்டுகளுக்கும், மென்பொருள் எட்டு ஆண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும். அங்கே விற்கிறவர்களும் இதே சாம்சங், இதே எல்ஜி, இதே சோனிதான். இங்கே பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி ஆராய்ந்த மத்திய அரசின் குழு, கைபேசி, டேப்லெட்டிலிருந்து தொடங்கலாம் என்று 2025 மே மாதம் அறிக்கை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

கட்டாயப்படுத்தினால் விலை ஏறும் என்று தொழில் சங்கங்கள் சொல்லும். அச்சு மையின் விலையா ஏறப்போகிறது? அதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை. சந்தையே பார்த்துக்கொள்ளும் என்கிறவர்கள், எஸ்90சி அட்டைப்பெட்டியை இன்னொரு முறை திருப்பிப் பார்க்கட்டும்.

எனவே சோனியா, சாம்சங்கா, எல்ஜியா என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பேனலின் பெயரையும் மாற்று விலையையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவரிடம் வாங்குங்கள். மூன்று பேரும் மறுத்தால், பாதி விலைக்கு டிசிஎல்லையே வாங்கிவிடுங்கள். எப்படியும் அடுத்த சோனியை அவர்கள்தான் செய்யப்போகிறார்கள். இரண்டு வரியை அச்சடிக்க மறுக்கிற நிறுவனத்தின் பெட்டிகளுக்குப் பழைய 28 சதவீதத்தைத் திரும்ப விதிப்பதாக ஜிஎஸ்டி கவுன்சில் ஒரே ஒரு கூட்டத்தில் சொல்லட்டும். தீபாவளிக்கு முன்பே அச்சகம் ஓட ஆரம்பித்துவிடும்.