பொடிதானே என்று எண்ணாதீர்!



ஊரையும் உறவையும் விட்டு, மொழி புரியாத நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் நாம். நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து தாராவியின் தோல் கிடங்குகளில் நின்ற நம் பாட்டன்மார் காலந்தொட்டு, மற்றவர் தொடத் தயங்கும் வேலை எதுவோ அதுவே நம்மவர் தலையில் வந்து விழுகிறது. அப்படிப்பட்ட வேலைகளில் ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதுவது நம் கடமையென்று கருதுகிறோம். சாயப்பட்டறையிலும் சலவை ஆலையிலும் உணவுத் தொழிற்சாலையிலும் பாய்லரைக் கழுவும் வேலைதான் அது.

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகனைக் கைப்பிடித்து நம் சங்கத்துக்கு அழைத்து வந்தார். பையனுக்கு வயது பத்தொன்பது. சாயப்பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாய்லரை நிறுத்திக் கழுவும்போது, மேஸ்திரி ஒரு மூட்டையைக் காட்டி, "உப்பு மாதிரிப் பொடிதாண்டா, கொட்டிக் கலக்கு" என்றிருக்கிறார். மூட்டையைக் கிழித்துக் கவிழ்த்தபோது காற்றில் பறந்த தூள் கண்ணில் விழுந்தது. வியர்த்த கையால் பையன் கண்ணைக் கசக்கினான். பக்கத்திலேயே குழாய் இருந்தும் யாரும் அவன் கண்ணைக் கழுவவில்லை. ஒருவர் தேங்காய் எண்ணெய் விட்டார். இன்னொருவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணில் பட்டது என்ன?" என்பது. அதற்குப் பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. அந்தக் கண்ணின் பார்வை இன்றும் மங்கலாகவே இருக்கிறது.

இது விதியா? இல்லை! அறியாமை என்று சொல்லிவிடலாமா? அதுவும் முழு உண்மையாகாது. அந்த மூட்டையின் மேல் எல்லாம் அச்சிடப்பட்டிருந்தது, ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவர் எழுத்தர் அறையில் இருந்தார். மூட்டையைக் கிழித்தவனுக்கு அது படிக்கத் தெரியாது. குற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

பாய்லருக்குள் ஊற்றும் நீர் உப்பு நீராக இருந்தால், அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் குழாய்களின் மேல் கல்லாகப் படிகின்றன. கல் படிந்தால் சூடு நீருக்குப் போகாது. எரிபொருள் வீணாகும், இரும்புக் குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கவும் கூடும். ஆகவே அந்தக் கல்லைக் கரைத்தெடுக்க வேண்டியதுதான். அதற்குப் பல இடங்களில் பயன்படுத்துவது சல்பாமிக் அமிலம் என்னும் வெள்ளைப் பொடி. அதற்கு வாடையில்லை. பார்வைக்குச் சர்க்கரை போலவும் பொடியுப்பு போலவும் இருக்கும். நம்மை ஏமாற்றுவதே இந்தச் சாதுத் தோற்றந்தான். 100 லிட்டர் நீரில் 1 கிலோவைக் கரைத்தாலே அந்த நீரின் பி.எச். அளவு 1-ஐ ஒட்டி இறங்கிவிடும். நல்ல நீரின் அளவு 7. பாட்டிலில் வரும் ஆசிட்டைக் கண்டு பின்வாங்குகிறவன், மூட்டையில் வரும் ஆசிட்டை வெறுங்கையால் அள்ளுகிறான்!

இந்தப் பொடியைக் கையாளும் முறை இதுதான். முதலில் நெருப்பை அணைத்து, நீராவி அழுத்தம் முழுவதும் இறங்கி, பாய்லர் ஆறியிருக்க வேண்டும். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ், தூசிக்கேற்ற முகமூடி ஆகியவை இல்லாமல் மூட்டையைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் நீரைப் பிடித்து, அதில் பொடியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பொடியின் மேல் நீரை ஊற்றக்கூடாது. துத்தநாகம் பூசிய வாளி ஆகவே ஆகாது. அமிலம் துத்தநாகத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அது தீப்பற்றும் வாயு. இரும்பிலிருந்தும் அது ஓரளவு வரக்கூடும் என்பதால், பாய்லர் கழுவும் இடத்தில் பீடியும் தீக்குச்சியும் வெல்டிங்கும் கூடா.

கல் கரையும்போது பொங்கி வருவது கரியமில வாயு. அது காற்றைவிடக் கனமானது. பாய்லரின் அடியிலும் பள்ளங்களிலும் தங்கும். அதற்குள் இறங்குகிறவனுக்கு மூச்சுவிடக் காற்றிருக்காது. முகத்தில் கட்டிய துண்டு அங்கே காப்பாற்றாது. ஆகவே வாயு வெளியேற வழி திறந்திருக்க வேண்டும். உள்ளே இறங்கும் முன் நீராவிக் குழாய்களையும் வெந்நீர்க் குழாய்களையும் துண்டித்து, காற்றைச் சோதித்து, வெளியே ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால், பாசத்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூச்சுக்கருவி இல்லாமல் குதித்து, காப்பாற்றப் போனவரும் பிணமாகக் கிடப்பதைப் பாதாளச் சாக்கடை மரணங்களில் நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

கழுவிய நீரை அப்படியே சாக்கடையில் விடுவது மற்றொரு கொடுமை. சாயப்பட்டறையிலும் தோல் கிடங்கிலும் சோடியம் சல்பைடு கலந்த கழிவு ஓடும். அதில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்து, பிறகு ஆளைக் கொல்லும். கழிவு நீரில் சோடா உப்பைச் சிறிது சிறிதாகக் கலந்து அமிலத்தை முறித்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

கண்ணில் பட்டால் எண்ணெயும் வேண்டாம், பாலும் வேண்டாம். இமையைத் திறந்து பிடித்து, ஓடும் குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். அதன் பிறகே ஆட்டோ. தோலில் பட்டால் துணியைக் களைந்து அதே போல் நீர்விட்டுக் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எதுவானாலும் மூட்டையின் பெயர்ச்சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தாய்மார்களே, இனி உங்களிடம் ஒரு சொல். வீட்டுக்காரர் "தரை நன்றாக வெளுக்கும்" என்று இந்தப் பொடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தால், வாசலிலேயே மறுத்துவிடுங்கள். சமையற்கட்டில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அது இருக்குமானால், குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா? பொதுக் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரோடு அது கலந்தால் எழுவது குளோரின், முதல் உலகப் போரில் 1915-ல் படைவீரர்கள்மேல் ஏவப்பட்ட அதே நச்சு வாயு! காலி மூட்டையில் அரிசி கட்டுவதும், அதைப் பிரித்துக் குழந்தைக்குப் படுக்கை விரிப்பதும் நம் சால்களில் நடக்கிறது. இன்றோடு அதை நிறுத்துங்கள்.

இவ்வளவும் தொழிலாளி செய்ய வேண்டியவை. முதலாளி செய்ய வேண்டியது எங்கே?

1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தாம் வாழ்ந்த இடத்துக்கு அருகே என்ன நச்சு இருந்தது என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அந்தப் பிணக்குவியலுக்குப் பிறகுதான், 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான பொருளைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை எழுதப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தையும், நம்மைப் போன்றோருக்காக வந்த 1979-ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர் சட்டத்தையும் நீக்கிவிட்டு, 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டத்தை 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதிலும் தன் பாதுகாப்பைப் பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஆனால் மின்விசையால் இயங்கும் பட்டறை 'தொழிற்சாலை' ஆவதற்கு முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். நம்மவர் வேலை செய்யும் சிறு பட்டறைகள் எத்தனை இந்தக் கணக்கில் நழுவிப் போகும்! பொடிக்கு இந்தக் கணக்கு தெரியுமா? பத்தொன்பது பேர் உள்ள பட்டறையில் அது கண்ணைச் சுடாமல் விடுமா?

1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் வந்த புதிய சட்டம், பாய்லருக்குள் வேலை செய்வோரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. நல்லது, வரவேற்கிறோம். சட்டப் புத்தகத்திலிருந்து அது பட்டறை வாசலுக்கு வர வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவைதாம். ஒன்று, மூட்டையின் ஆபத்தை வேலை செய்வோர் படிக்கும் மொழிகளில், தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும், எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். இரண்டு, கண்ணாடி, கையுறை, பூட்ஸ் ஆகியவற்றை முதலாளி தன் செலவில் தர வேண்டும்; கூலியில் பிடிக்கக்கூடாது. மூன்று, பொடி கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கண் கழுவக் குழாய் வேண்டும். நான்கு, பழக்கப்படுத்தாத புதுப் பையனை இந்த வேலைக்கு ஏவக்கூடாது.

இவற்றைத் தனியாகக் கேட்டால், "நாளை முதல் வராதே" என்பார்கள். பத்துப் பேராகச் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாத மூட்டை எதுவானாலும் அதன் பெயர்ச்சீட்டை நம் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம். இந்த இதழை வாசிக்கத் தெரிந்தவர், தெரியாத தோழருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

கூலிக்கு உழைப்பை விற்க வந்தோம். கண்ணை விற்க வரவில்லை!