ஆளுக்கு ஐயாயிரம்

“ஆளுக்கு ஐயாயிரம் போட்டா முடிஞ்சுது. இதுல பேச என்னப்பா இருக்கு?”

மணலி புதுநகர் டீக்கடையில் போன மாதம் நண்பர் இப்படிச் சொன்னபோது பெஞ்சில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் நாடகம் எழுதுகிறவர்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிட நாடகம் ஒன்று. ஒரே மேடை, ஒரே சாயங்காலம், ஒரே லைட் செட்டு. ஹால் வாடகை, மைக், வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய். ஐந்தால் வகுத்தால் ஐயாயிரம். நான்கு பேர் தலையாட்டினோம். ஐந்தாமவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “என்னுத விட்டுடுங்க சார், நாலு நாடகமா போடுங்க” என்றார்.

அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. வேலைக்குப் போனால்தான் கூலி. எங்கள் ஐந்தில் உருப்படியான நாடகம் அவருடையதுதான் (என்னுடையதைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்). 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். மொட்டை மாடியில் மாட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்கள். தண்ணீர் வடிவதற்குள் பழைய கடன் ஒன்றைப் பேசித் தீர்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அதை மேடைக்கு வரவிடாமல் செய்தது போலீஸும் இல்லை, தணிக்கையும் இல்லை. நாங்கள் நியாயம் என்று நினைத்த சம பங்கு.

எழுதுகிறவனே காசு போட்டு நாடகம் போடுவது கேவலம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அலுப்புதான். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைக் கைக்காசில்தான் தொடங்கினார். இன்றைக்கு அதைத் தியாகம் என்கிறோம். நாடகக்காரன் செய்தால் மட்டும் விளம்பர ஆசையா?

பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கியது 1891இல். உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள். அவர் எழுதினார், நடித்தார். தன் நாடகத்தைப் போடுகிறவர்கள் தனக்கு ராயல்டி தர வேண்டும் என்று கறாராகக் கேட்டவரும் அவர்தான். எழுத்துக்கு மரியாதையும் வேண்டும், செலவில் பங்கும் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சபையில் யார் இருந்தார்கள்? வக்கீல்கள், அதிகாரிகள், சத்தியமூர்த்தி மாதிரி அரசியல் தலைவர்கள். சந்தா கட்ட முடிந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் அங்கே எழுத்தாளனாக நுழைந்திருக்க முடியாது. நியூயார்க்கில் 1938இல் ஐந்து நாடகாசிரியர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் போட்டு ‘பிளேரைட்ஸ் கம்பெனி’ ஆரம்பித்தார்கள். தயாரிப்பாளர்களிடம் கைகட்டி நிற்காமல் தங்கள் நாடகங்களைத் தாங்களே போட்டார்கள். நல்ல காரியம். ஐந்து பேரும் அதற்கு முன்பே பேரும் பணமும் சம்பாதித்தவர்கள் என்பதால் அங்கே சம பங்கு சரியாக இருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மணலியில் வைத்தால் எப்படி?

“அப்போ செலவே இல்லாம தெருவுல போடு. பாதல் சர்க்கார் போடலையா?” போட்டார். 1980இல் சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறையில் கற்றுக்கொண்டவர்களால்தான் தமிழில் வீதி நாடகம் வேகம் பிடித்தது. லைட் வேண்டாம், செட் வேண்டாம், உடம்பு போதும் என்றார். சரிதான். ஆனா அந்த உடம்பு ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய உடம்பு. ஒத்திகைக்காக விட்ட ஒரு நாள் கூலி எந்தப் பில்லிலும் வராது.

இன்னொரு யோசனையும் வந்தது: சுற்றி இத்தனை கம்பெனி இருக்கே, ஸ்பான்சர் கேட்கலாமே. கேட்கலாம். 2023 வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் எண்ணெய் மிதந்தது. வெள்ளத்தைப் பற்றிய நாடகத்துக்குப் பின்னால் ஆலை பெயர் போட்ட பேனரைக் கட்டினால் அதுவே ஆறாவது நாடகம் ஆகிவிடும்.

நான் சொல்வது இதுதான். பங்கு ரூபாயில் வேண்டாம், நாளில் இருக்கட்டும். மாதம் ஒரு நாள் சம்பளம், மூன்று மாதம். எங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன்: 700, 900, 1,500, 2,500, 3,000. மாதம் 8,600; மூன்று மாதத்தில் 25,800. செலவு போக டீக்கு 800 மிச்சம். கைவிட்டுப் போவது எல்லோருக்கும் மூன்று நாள் உழைப்பு.

ஐயாயிரம் யோசனை சொன்ன நண்பருக்குத்தான் முகம் சுருங்கியது. “எனக்கு மட்டும் ஒம்பதாயிரமா? அப்போ என் நாடகத்தைத்தானே கடைசியில போடணும்?” சபைகள் கிளப்பாக மாறுவது இந்த ஒரு கேள்வியில்தான். வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றேன். எங்கள் தெருவில் பெண்கள் மாதாமாதம் குலுக்கல் சீட்டு போடுகிறார்கள். பேர் எழுதி மடித்த துண்டில் யாருடைய சம்பளமும் தெரியாது. அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜிபேயில் 3,000 வந்தது. கூடவே வாட்ஸப்பில் ஒரு கோப ஸ்மைலி.

லைட் போடுபவருக்கும் மைக் செட்காரருக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. அவர்களிடம் ‘கலைக்காக’ என்று பேரம் பேசுவதில்லை என்பதில் மட்டும் ஐந்து பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரே கருத்து.

குலுக்கியதில் மொட்டை மாடி நாடகம் மூன்றாவதாக வந்திருக்கிறது. அதற்கு ஒரு மர ஏணி வேண்டும், பத்தடி இருந்தால் போதும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.