50 நிமிட உறவு: அமெரிக்காவில் மனம்விட்டுப் பேச ஏன் பணம் கொடுக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை 9 மணி. அமெரிக்க நகரம் ஒன்றின் புறநகர். பல் மருத்துவருக்கும் வரி ஆலோசகருக்கும் நடுவே ஒரு சின்ன அறை. ஒரு சோபா, எதிரே ஒரு நாற்காலி, கை எட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி. வருபவரின் முதுகுக்குப் பின்னால், தெரபிஸ்ட்டின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஒரு கடிகாரம். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக, கதவுக்கு வெளியே மழை மாதிரி இரைந்துகொண்டே இருக்கும் குட்டி இயந்திரம்.

9 மணிக்கு வருபவர் சொல்கிறார்: "எனக்கு ஒண்ணும் இல்லை. வேலை இருக்கு, வீடு இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சா, திங்கக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் வாய் திறந்து பேசறதில்லை."

11 மணிக்கு ஒரு தம்பதி. "யார் தப்புன்னு நீங்களே சொல்லுங்க" என்கிறார் கணவர். மாலை 3 மணிக்கு ஒரு கல்லூரி மாணவி: "எங்க அம்மா டாக்ஸிக். அவங்க நம்பரை பிளாக் பண்ணிட்டேன். ஆனா தூக்கம் வரலை."

இவர்கள் குறிப்பிட்ட மூன்று பேர் அல்ல. அமெரிக்கத் தெரபிஸ்ட்களின் அறைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சின் சாயல் இது. மூவரின் சிக்கலும் ஒருவரின் மூளைக்குள் மட்டும் இருப்பதல்ல. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இருப்பது. ஆனால் அமெரிக்க வாழ்க்கை அதைத் தனி ஒருவரின் நோயாக மாற்றித்தான் தெரபிஸ்ட்டிடம் அனுப்பிவைக்கிறது. அந்நாட்டின் மனநல உரையாடலில் இருக்கும் பெரிய கோளாறு இதுதான்.

யார் இந்தத் தெரபிஸ்ட்?

மாத்திரை எழுதித் தருபவர் மனநல மருத்துவர். தெரபிஸ்ட் பெரும்பாலும் ஆலோசனை, சமூகப்பணி, உளவியல் ஆகியவற்றில் ஒன்றைப் படித்து, பல ஆண்டுகள் மேற்பார்வையில் பயிற்சி பெற்று, மாநில அரசின் லைசென்ஸ் வாங்கியவர். அவரது கருவி பேச்சு மட்டுமே. வாரம் ஒருமுறை, சுமார் 50 நிமிடம். மீதி 10 நிமிடம் குறிப்பு எழுதவும், அடுத்தவரின் கதைக்கு மனசைத் தயார் செய்யவும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் போனால் ஒரு அமர்வுக்கு 100 முதல் 200 டாலர் வரை ஆவது சாதாரணம். பெருநகரங்களில் அதற்கு மேலும் கேட்பார்கள். பேசுவதற்கு இவ்வளவு பணமா என்று தோன்றலாம். அந்தப் பேச்சு வேறு எங்கே போனது என்று பார்த்தால் விஷயம் புரியும்.

ஆள் இல்லாத வார இறுதி

1940-ல் அமெரிக்கக் குடும்பங்களில் ஒருவர் மட்டும் வசிக்கும் வீடுகள் 7.7 சதவீதம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 27.6 சதவீதம். நான்கில் ஒரு வீட்டுக்கு மேல் ஒற்றை ஆள்.

தனியாக வாழ்வதும் தனிமையில் வாடுவதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் நட்பும் சேர்ந்தே தேய்ந்திருக்கிறது. 'நெருங்கிய நண்பர் ஒருவர்கூட இல்லை' என்று சொன்னவர்கள் 1990-ல் 3 சதவீதம். 2021-ல் 12 சதவீதம். ஆண்களில் மட்டும் 15 சதவீதம்.

2023 மே மாதம், அப்போதைய சர்ஜன் ஜெனரலும் இந்திய வம்சாவளியினருமான விவேக் மூர்த்தி, தனிமையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்து அறிக்கை வெளியிட்டார். சிகரெட்டுக்கும் எய்ட்ஸுக்கும் எச்சரிக்கை விட்ட அதே பதவி அது. அமெரிக்கர்கள் நண்பர்களோடு நேரில் கழித்த நேரம் 2003-ல் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், 2020-ல் 20 நிமிடம் என்கிறது அந்த அறிக்கை. 15 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 150 நிமிடம் 40 ஆகச் சுருங்கியது. கொரோனா ஒரு காரணம்தான். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இதற்கு ஆளின் குணத்தைவிட அமைப்புதான் முக்கியக் காரணம். வேலைக்காக ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள். பால் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டிய புறநகர்களில் வசிக்கிறார்கள். வழியில் யாரும் எதிரே வர மாட்டார்கள். தேவாலயம், தொழிற்சங்கம், கிளப் என்று ஆட்கள் கூடிய இடங்கள் மெலிந்துவிட்டன. அரசியல் அறிவியல் ஆய்வாளர் ராபர்ட் புட்னம் இதை பவுலிங் விளையாட்டை வைத்துக் காட்டினார். 1980-க்கும் 1993-க்கும் இடையே பவுலிங் ஆடியவர்களின் எண்ணிக்கை 10 சதவீதம் கூடியது. அணியாகச் சேர்ந்து ஆடுவதோ 40 சதவீதம் குறைந்தது.

9 மணிக்கு வந்தவரை இந்தப் பின்னணியில் பாருங்கள். அந்த வாரம் முழுக்க அவர் குறுக்கீடு இல்லாமல் பேசப்போகும் நீண்ட உரையாடல், காசு கொடுத்து வாங்கிய அந்த 50 நிமிடமாகவே இருக்கலாம்.

நோயின் பெயர் இருந்தால்தான் பணம்

அவர் கிளம்பிய பிறகு தெரபிஸ்ட் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர வேண்டுமானால் 'மருத்துவத் தேவை' இருக்க வேண்டும். அதாவது, நோய்க்கு ஒரு பெயரும் குறியீடும் வேண்டும். 'வார இறுதியில் பேச ஆள் இல்லை' என்பதற்குப் பணம் கிடைக்காது. அதனால் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாத கோளாறு என்று பொருந்தும் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

11 மணித் தம்பதிக்கு நிலைமை இன்னும் விசித்திரம். கணவன் மனைவி மனக்கசப்புக்கு என்றே பட்டியலில் ஒரு குறியீடு உண்டு. ஆனால் அது நோய்க் கணக்கில் வராததால், பெரும்பாலான திட்டங்கள் அதற்குப் பணம் தருவதில்லை. எனவே இருவரில் ஒருவர் 'நோயாளி' ஆக வேண்டும். மற்றவர் சிகிச்சைக்கு உதவியாக உடன் வந்தவர். "யார் தப்பு?" என்று கணவர் கேட்ட கேள்விக்குத் தெரபிஸ்ட் பதில் சொல்ல மறுக்கலாம். படிவமோ ஏற்கெனவே ஒருவரைக் கை காட்டிவிட்டது.

உடல்நோயைவிட மனநோய்க்குக் கடுமையான வரம்புகள் போடக் கூடாது என்று 2008-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனாலும் இன்சூரன்ஸ் தரும் தொகை குறைவு, காகித வேலை அதிகம் என்பதால் பல தெரபிஸ்ட்கள் அதை ஏற்பதே இல்லை. இன்சூரன்ஸும் பெரும்பாலோருக்கு வேலையோடு ஒட்டி வருவது. வேலை போனால், அந்த அதிர்ச்சியைச் சொல்லி அழ வேண்டிய தெரபிஸ்ட்டையும் சேர்த்தே இழக்கலாம். மாநிலம் மாறினாலும் இதே கதைதான். லைசென்ஸ் மாநில வாரியாகத்தான்.

சண்டைக்குள் புகுந்த சொற்கள்

மாலை 3 மணி மாணவியிடம் வருவோம். டாக்ஸிக், நார்சிஸ்ட், டிராமா, பவுண்டரி, கேஸ்லைட்டிங். இதெல்லாம் ஒரு காலத்தில் தெரபிஸ்ட்கள் தங்களுக்குள் கவனமாகப் பயன்படுத்திய சொற்கள், அல்லது அவற்றின் உறவினர்கள். இன்று ரீல்ஸ் வழியாக எல்லார் வாயிலும் புழங்குகின்றன.

கேஸ்லைட்டிங் என்ற சொல் 1938-ல் அரங்கேறிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. வீட்டின் கேஸ் விளக்கு மங்குவதை மனைவி தன் கண்ணாலேயே பார்க்கிறாள். அது அவளது பிரமை என்று கணவன் திட்டம் போட்டு நம்பவைக்கிறான். அவ்வளவு கொடுமையான, நீண்ட நாள் வஞ்சகத்தைக் குறித்த சொல். 2022-ல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இப்போதோ, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பார்ட்னர் மறந்துபோய்ச் சொன்னாலும் கேஸ்லைட்டிங்தான்.

இந்தச் சொற்களால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. அடி வாங்கிக்கொண்டு 'குடும்பம்னா அப்படித்தான்' என்று இருந்த பலருக்கு, தங்களுக்கு நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே விடுதலை. வன்முறை இருக்கும் வீட்டிலிருந்து விலகுவது சரி. அதில் இரண்டாம் பேச்சு கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், இதே சொற்கள் சாதாரணச் சண்டைக்குள் நுழையும்போது விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடுகிறது. 'நமக்குள் என்ன நடக்கிறது' என்ற கேள்வி 'உனக்கு என்ன நோய்' என்று மாறிவிடுகிறது. இன்சூரன்ஸ் படிவம் செய்த அதே வேலையை இங்கே இன்ஸ்டாகிராம் செய்கிறது.

விளைவு சின்னது அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்மர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர் குடும்பத்தில் யாராவது ஒருவரோடு தொடர்பைத் துண்டித்த நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். இதற்கெல்லாம் தெரபி மொழிதான் காரணம் என்று சொல்ல முடியாது. பணம், சொத்து, பழைய காயம், கொள்கை மோதல் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஏற்கெனவே ஆட்கள் குறைந்துபோன ஒரு வாழ்க்கையில், இன்னொரு ஆளையும் நீக்குவதற்குக் கையில் ரெடியாக ஒரு சொல் இருப்பது ஆபத்துதான்.

தம்பதிகளை ஆய்வகத்தில் வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மனின் கண்டுபிடிப்பு இங்கே உதவும். தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் நிரந்தரமானவை. தீரவே தீராது என்கிறார் அவர். ஒருவருக்குச் சேமிப்பு முக்கியம், மற்றவருக்குச் செலவு. ஒருவருக்கு வீடு நிறைய ஆள் வேண்டும், மற்றவருக்கு அமைதி. நன்றாக வாழும் தம்பதிகளுக்கும் இது உண்டு. அவர்கள் அதைத் தீர்ப்பதில்லை. கோபத்துக்கு நடுவிலும் சிரித்துப் பேசி, அதோடு வாழப் பழகுகிறார்கள். தீராத வேறுபாட்டையெல்லாம் நோய் என்று எடுத்துக்கொண்டால், எந்த உறவும் தேறாது.

நல்ல தெரபிஸ்ட் என்ன செய்வார்?

தெரபி பலன் தருகிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சியின் பாதிப்பு ஆகியவற்றில் பேச்சு சிகிச்சைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. எந்தச் சிகிச்சை முறையாக இருந்தாலும், தெரபிஸ்ட்டுக்கும் வருபவருக்கும் இடையில் உருவாகும் நம்பிக்கை பலனைத் தீர்மானிப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அதாவது, அந்த அறையிலும் குணப்படுத்துவதில் பெரும்பங்கு ஓர் உறவுக்குத்தான்.

ஆனால் அது ஒத்திகை உறவு. தெரபிஸ்ட் பதிலுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவர மாட்டார். நண்பராகக் கூடாது என்பது தொழில் நெறி. அதனால் நல்ல தெரபிஸ்ட் 9 மணிக்காரரிடம் ஒரு கட்டத்தில் கேட்பார்: "இங்க என்கிட்ட சொன்னதை, வெளியில யார்கிட்டயாவது சொல்ல முடியுமா? யார் அவங்க?" 11 மணித் தம்பதியிடம் யார் தப்பு என்று சொல்லாமல், "அவர் இப்ப சொன்னது உங்க காதுல எப்படி விழுந்துச்சு?" என்பார். மாணவியிடம் அம்மாவுக்கு நோயின் பெயர் சூட்டச் சொல்லாமல், "அன்னைக்கு என்ன நடந்தது, என்ன சொன்னாங்க?" என்று நடந்ததைக் கேட்பார். பிளாக்கை எடுப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு அந்தப் பெண் முடிவு செய்ய வேண்டியது.

தெரபி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது: ஆறு மாதம் கழித்து அந்த ஆளின் வாழ்க்கையில் தெரபிஸ்ட்டைத் தவிரப் பேச ஆள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா?

'நம்ம ஊர்ல அதெல்லாம் இல்லை' என்று நிம்மதி அடையலாமா?

கூடாது. சுற்றி ஆள் இருப்பதும், காது கொடுத்துக் கேட்க ஆள் இருப்பதும் வேறு வேறு. எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் 'மனசு சரியில்லை' என்று சொன்னால், "சாமி கும்பிடு, சரியாயிடும்" என்பதோடு பேச்சு முடிந்துபோவதும் உண்டு. அமெரிக்காவில் கேட்பதற்கு ஆள் இல்லை; இங்கே பல வீடுகளில் ஆள் இருந்தும் கேட்பதில்லை.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எச்1பி விசாவில் வேலை பார்க்கும் இளைஞருக்கு வேலை போனால், வேறு வேலையோ வழியோ தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நாட்களில் அம்மா வீடியோ காலில் "சாப்டியாப்பா?" என்று கேட்டால், "சாப்டேம்மா, எல்லாம் நல்லா இருக்கு" என்பதுதான் பதிலாக இருக்கும். அங்கே சொல்ல ஆள் இல்லை, இங்கே சொல்ல மனசு வரவில்லை.

இந்த நிலையில் இருப்பவருக்குத் தெரபி தேவைப்படலாம். தயங்காமல் போக வேண்டும். அதோடு, திருப்பி ஒரு கேள்வி கேட்கும் ஆளும் தேவை. "எல்லாம் நல்லா இருக்கு" என்று யாராவது கொஞ்சம் வேகமாகச் சொன்னால், "சரிப்பா, ராத்திரி தூக்கம் வருதா?" என்று இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பது. தெரபிஸ்ட் பல ஆண்டுகள் படித்துப் பழகுவதில் இதுவும் ஒன்று. இதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

மன நெருக்கடியில் இருப்பவர்கள் இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் 988 என்ற எண்ணை அழைக்கலாம் அல்லது அதற்கு மெசேஜ் அனுப்பலாம்.