பொறுப்பான பிள்ளையின் பதகளிப்பு

“எங்கட புள்ள நல்ல பொறுப்பு. படி என்று சொல்லவே தேவையில்ல. நாங்க தூங்கின பொறகும் அது முழிச்சித்தான் இருக்கும்.”

பெற்றோர் கூட்ட நாட்களில் உம்மாமார் பெருமையோடு பரிமாறிக்கொள்ளும் வார்த்தைகள் இவை. அந்தப் பெருமையில் பிழையில்லை. ஆனால், அந்தப் பிள்ளை ஏன் விழித்திருக்கிறது என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? விழித்திருப்பவர்கள் எல்லோரும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்களா?

கவலைப்படாத மனிதர் இல்லை. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது நெஞ்சு படபடப்பதும் பசி குறைவதும் இயல்பு. அந்தப் பயம்தான் எங்களைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கிறது. பரீட்சை முடிந்ததும் அதுவும் போய்விடும். ஆகவே எல்லாப் பயத்துக்கும் நோய் என்று பெயர் வைக்க முடியாது. ஆனால் சிலருக்குப் பரீட்சை முடிந்தாலும் கவலை முடிவதில்லை. அது இடம் மாறிக்கொள்கிறது. மூன்று பாடங்களிலும் ஏ சித்தி கிடைத்தால் இஸட் புள்ளி போதுமா என்ற கவலை. அதுவும் போதுமென்றால், வாப்பா வர ஏன் பிந்துகிறது, உம்மாவின் சீனி வருத்தம் கூடிவிடுமா, தோழி இன்று ஏன் சரியாகப் பேசவில்லை என்று ஒன்று மாறி ஒன்று வரும். இவ்வளவு கவலை தேவையில்லை என்று தெரிந்தாலும் நிறுத்த முடியாது. இதையே மருத்துவம் ‘பொதுமைப்பட்ட பதகளிப்புக் கோளாறு’ என்கிறது.

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இது தனியொரு நோயாக இடம்பெற்றது. கட்டுப்படுத்த முடியாத கவலை, குறைந்தது 6 மாதங்களாகப் பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும் என்பது அந்நூலின் இன்றைய பதிப்பிலுள்ள அளவுகோல். அமைதியின்மை, விரைவில் களைத்துப் போதல், மனம் ஒருமுகப்படாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் குறைவு ஆகிய 6 அறிகுறிகளில் வளர்ந்தோருக்கு மூன்றாவது காணப்பட வேண்டும். சிறுவர்களுக்கு ஒன்றே போதும். தலைவலி, வயிற்றுவலி என்றும் இது வெளிப்படும். அதனால்தான் பலர் முதலில் வயிற்றுக்கே மருந்து எடுக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களில் ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக இது காணப்படுகிறது.

அப்படியிருந்தும் பெண் பிள்ளைகளிடம் இதை நாம் கண்டுகொள்வதில்லை. ஏன்? என் கருத்தில், இந்த நோயின் அறிகுறிகள் ‘நல்ல பிள்ளை’யின் இலட்சணங்களைப் போலவே இருப்பதுதான் காரணம். வகுப்பைக் குழப்பும் மாணவி உடனே கண்ணில் படுவாள். ஒரே ஒப்படையை மூன்று முறை அழித்தெழுதுபவளும், பிழை வந்துவிடுமோ என்று கை உயர்த்தாதவளும், “டீச்சர், இது சரியா?” என்று பத்துத் தடவை கேட்பவளும் கண்ணில் படுவதில்லை. அவளை அடக்கமானவள், கவனமானவள் என்கிறோம். அவளுடைய வருத்தத்துக்கே பாராட்டுக் கொடுக்கிறோம். அந்தப் பாராட்டை இழக்கப் பயந்து அவளும் வாய் திறப்பதில்லை.

வாய் திறந்தாலோ, “சும்மா யோசிக்காதே” என்ற பதில் வரும். காய்ச்சல்காரரைப் பார்த்து “சூடாக இருக்காதே” என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னும் சிலர், “ஈமான் குறைந்தால்தான் இப்படி வரும்” என்பார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்களே துஆச் செய்திருக்கிறார்கள். நோய்க்கு மருந்து தேடுமாறும் எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியைச் சேர்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உடல் நலத்தோடு உள நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அவசரத்துக்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் கலங்கும் வேளைக்கென்று நல்ல சிந்தனைகளையும் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. தொழுகை மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் சீனி வருத்தத்துக்குத் துஆவும் கேட்டு மருந்தும் குடிக்கும் நாம், மனதின் வருத்தத்துக்கு மட்டும் ஏன் வைத்தியரிடம் போகத் தயங்குகிறோம்?

பதில் எல்லோருக்கும் தெரியும். “ஊர் என்ன சொல்லும்? நாளைக்குக் கலியாணம் பேசும்போது இது வெளியே வந்தால்?” இந்தப் பயத்தால் சிகிச்சை தள்ளிப்போகிறது, நோய் வளர்கிறது. உண்மையில் இது குணப்படுத்தக்கூடிய நோய். அறிகை நடத்தைச் சிகிச்சையில், தான் பயப்படுவது உண்மையில் நடக்கிறதா என்று எழுதி வைத்துச் சோதிக்கவும், நிச்சயமில்லாத விடயங்களோடு வாழப் பழகவும் கற்றுக்கொடுப்பார்கள். தேவையானவர்களுக்கு வைத்தியர் மருந்தும் தருவார். அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். நாமாக நிறுத்தக் கூடாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “எத்தனை புள்ளி?” என்று கேட்கும் நாளில், “மகள், ராவு நல்லாத் தூங்கினியா?” என்றும் கேளுங்கள். பதில் வந்தால் அறிவுரை சொல்ல அவசரப்படாமல் முழுவதும் கேளுங்கள். பாடசாலைகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். உளவளத்துணை அறை, குற்றம் செய்தவர்கள் அனுப்பப்படும் இடமாகத் தெரியக் கூடாது. அங்கே போன மாணவியின் கதை ஆசிரியர் ஓய்வறைக்கும் போகக் கூடாது.

தோழிகளே, ஆறு மாதமாக உங்கள் மனம் ஓயவில்லையென்றால் அது உங்கள் குணமல்ல; வருத்தமாக இருக்கலாம். நம்பக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். பொறுப்பான பிள்ளை என்ற பெயரை அதனால் நீங்கள் இழக்கப் போவதில்லை. தன் நலத்தைப் பார்த்துக்கொள்வதும் ஒரு பொறுப்புத்தான்.