படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோர் பலர். அவர்கள் சூசன் கேர் என்ற அமெரிக்க மாதின் கதையை அறிவது நல்லது.

1954-இல் பிறந்த இவர், நுண்கலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். கணிப்பொறி பயின்றவர் அல்லர். 1982-இல், பள்ளித் தோழர் ஒருவர் இவரை ஆப்பிள் கம்பெனிக்கு அழைத்தார். அந்நாளில் கணிப்பொறியிடம் வேலை வாங்க, பெரும்பாலும் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். சாதாரண மக்கள் அஞ்சினார்கள்.

சூசன் ஒரு கணக்கு நோட்டு வாங்கினார். நீளத்தில் 32, அகலத்தில் 32. ஆக 1,024 கட்டங்கள். சிலவற்றைக் கறுப்பாக்கினார். படங்கள் பிறந்தன! சிரிக்கும் கணிப்பொறி என்றால் எல்லாம் நலம். வெடிகுண்டு என்றால் கோளாறு. 1984-இல் வந்த மெக்கின்டாஷில் அவை இடம் பெற்றன. பின்னர் மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். கம்பெனிகளும் இவரை நாடின.

இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியும் கைப்பேசியில் படத்தைத் தொட்டுப் பேரனோடு பேசுகிறாள். யந்திரத்துக்கு மனிதன் பணிவதா, மனிதனுக்கு யந்திரம் பணிவதா? அதைத் தீர்மானிப்பதே இடைமுக வடிவமைப்பு என்னும் இத்தொழில். இதற்குக் கணக்கறிவு மட்டும் போதாது. பிறர் தடுமாற்றத்தை உணரும் மனமும் வேண்டும்.

சுவரில் கிறுக்கும் பிள்ளையை அடிக்காதீர்கள். ஒரு கணக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள்!