சிங்களப் படம் நமக்கு எதற்கு?

"சிங்களப் படமா? தமிழன் அதைப் பார்க்கலாமோ?" என்று கேட்கிறவர்கள் எங்கள் பண்ணைப்புரத்திலும் இருக்கிறார்கள், பட்டணத்திலும் இருக்கிறார்கள். கேள்வியில் கோபம் இருக்கிறது. கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1983-ஐயும் 2009-ஐயும் மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், யார்மீது கோபம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அசோக ஹந்தகமவின் 'ராணி' 2025 ஜனவரியில் வெளிவந்தது. சிங்களம் அறியாத நான், திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பார்த்தேன். யாருடைய கதை அது? மனோராணி சரவணமுத்து என்ற தமிழ் டாக்டரின் கதை. அவருடைய மகன் ரிச்சர்ட் டி சொய்சா பத்திரிகையாளர், கவிஞர், நடிகர்; தகப்பனார் வழியில் சிங்களவர். 1990 பிப்ரவரியில் ஓர் இரவு அவரை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். கடற்கரையில் சடலம்தான் கிடைத்தது. அந்தத் தாய் மூலையில் முடங்கிவிடவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தென்னிலங்கைச் சிங்களத் தாய்மார்களின் அன்னையர் முன்னணிக்குத் தலைமை ஏற்றார். சிங்களத் தாய்களுக்கு ஒரு தமிழ்த் தாய் தலைவி! இந்தச் சரித்திரம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ராணியாக நடித்த ஸ்வர்ணா மல்லவாராச்சி வாய்விட்டு அழாத இடங்களில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தத் தாய் குடிப்பதாகவும் புகைப்பதாகவும் காட்டியதற்கு இலங்கையில் ஆட்சேபம் கிளம்பிற்று. தாய் என்றால் வெள்ளைப் புடவையும் விபூதியுமாய்த்தான் வர வேண்டும் என்பது நம் படக்காரர்கள் எழுதிவைத்த சூத்திரம் அல்லவா? துக்கத்துக்கு ஏது ஐயா சூத்திரம்?

சூத்திரம் கற்றுக்கொடுத்தவர்களும் நாம்தாம். முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947-இல் வெளிவந்தது. எடுத்தவர் தமிழரான எஸ்.எம். நாயகம், எடுத்த இடம் இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மதுரை. அப்புறம் பல வருஷம் தமிழ்ப் படங்களின் நகல்களே சிங்களப் படங்களாக உலவின. 1956-இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் காமிராவைக் கிராமத்துக்குத் தூக்கிச் சென்ற பிறகுதான் அந்த மண்ணுக்கென்று ஒரு சினிமா பிறந்தது.

நாம் என்ன செய்தோம்? பிரசன்ன விதானகேயின் 'ஒப நதுவா ஒப எக்க' படத்தில், தமிழ்ப் பெண்ணை மணந்த சிங்களவன் முன்னாள் ராணுவச் சிப்பாய் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. தன் இனத்தின் மனச்சாட்சியையே கூண்டில் ஏற்றிய படம் அது. 2014-இல் சென்னையில் அதன் காட்சிகள் மிரட்டலால் நிறுத்தப்பட்டன. இதே விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தைப் போர்க்காலத்தில் இலங்கை அரசாங்கம் தடுத்து வைத்தது. தமிழன் பேரைச் சொல்லி மிரட்டியவர்கள், அந்த அரசாங்கத்தின் வேலையைத்தானே சம்பளமில்லாமல் செய்தார்கள்?

இளையராஜா பிறந்த ஊர் இது. அவருடைய பாட்டை ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியில் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாம். பாட்டுக்குக் குறுக்கே நிற்காத கடல் படத்துக்கு மட்டும் நிற்குமோ?

தமிழ் எழுத்துக்களை அடியில் ஓடவிட்டு, கம்பத்திலோ தேனியிலோ 'ராணி'யை ஒரு காட்சி போடுங்கள். பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்களோடு உட்கார்ந்து நானும் வாதாடத் தயார். பார்க்காமலே திட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மகனை இழந்த அந்தத் தமிழ்த் தாய்க்கு அவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும்.