சுருண்டது யார், சுருட்டியது யார்?

தமிழ் விளையாட்டுப் பக்கங்களுக்குப் பிடித்தமான வினை ஒன்று உண்டு: ‘சுருண்டது’. குறைந்த ரன்களுக்குள் ஆட்டமிழக்கும் அணி எதுவானாலும் அது சுருண்டுதான் போகும். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைப் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டால் இதன் சூட்சுமம் விளங்கும். சுருண்டது தன்வினை, சுருட்டியது பிறவினை. முன்னதில், சுருட்டியவருக்கு வாக்கியத்தில் இடமே தேவையில்லை. வெயில் பட்ட வாழையிலையைப் போல அணி தானாகவே சுருண்டுகொள்கிறது.

2024 அக்டோபர், நவம்பரில் நியூசிலாந்திடம் இந்தியா 0–3 எனச் சொந்த மண்ணில் இழந்த தொடரை இன்றுவரை நாம் தன்வினையில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கூடவே ‘அதிர்ச்சித் தோல்வி’ என்ற தொடர். அதிர்ச்சி என்று பெயரிட்டுவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை. இடி விழுந்தது, அவ்வளவே. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் தோல்விக்கு ஏழாண்டு முன்னறிவிப்பு இருந்தது.

முதலில் சுருட்டியவர்களைச் சொல்லிவிடுகிறேன். தொடருக்குச் சில வாரங்கள் முன்பு இலங்கையில் 0–2 எனத் தோற்று வந்த அணி அது. காலி மைதானத்தில் 88 ரன்களுக்கு ஆட்டமிழந்திருந்தது. டிம் சௌதி தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். டாம் லேதம் புதிய தலைவர். கேன் வில்லியம்சன் காயத்தால் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. அதுவரை இந்திய மண்ணில் நியூசிலாந்து வென்றிருந்த டெஸ்டுகள் இரண்டே. கடைசி வெற்றி 1988இல்.

பெங்களூருவில் மேகமூட்டத்தின் கீழ் மாட் ஹென்றி 15 ரன்களுக்கு 5 விக்கெட், வில்லியம் ஓரூர்க் 22க்கு 4, இந்தியா 46. இந்திய மண்ணில் இந்தியாவின் மிகக் குறைந்த எண்ணிக்கை அது. இரண்டாம் இன்னிங்ஸில் சர்ஃபராஸ் கான் 150, பந்த் 99 என்று போராடி 462 எடுத்தும் பயனில்லை. புணேயில் ஹென்றி இல்லை. மிட்செல் சான்ட்னர் வந்தார். அதற்கு முன் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்திராதவர், அந்த ஒரே போட்டியில் 13 எடுத்தார். மும்பையில் சான்ட்னரும் இல்லை. அந்நகரிலேயே பிறந்த அஜாஸ் படேல் 11 விக்கெட் வீழ்த்தினார். 147 என்ற இலக்கை எட்ட முடியாமல் இந்தியா 121இல் நின்றது. ஒரு போட்டியை வென்றுகொடுத்த பந்துவீச்சாளர் அடுத்த போட்டியில் ஆடவே இல்லை, ஆனாலும் அணி வென்றது. இதைத் தற்செயல் என்பதற்கு நிரம்பத் துணிவு வேண்டும். (பெங்களூருவில் 134 ரன் அடித்த ரச்சின் ரவீந்திரா, துணைக்கண்டப் பயணத்துக்கு முன் சென்னை வந்து செம்மண், கரிசல்மண் ஆடுகளங்களில் பயிற்சி எடுத்துச் சென்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

இனி முன்னறிவிப்பு. 2012இல் இங்கிலாந்திடம் இழந்த பிறகு சொந்த மண்ணில் தொடர்ந்து 18 தொடர்களை வென்றது இந்தியா. அந்த நெடிய காலத்தில் தோற்ற டெஸ்டுகள் நான்கே. அவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2017 புணே: ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓகீஃப் 12 விக்கெட். 2021 சென்னை: ஜோ ரூட்டின் இரட்டைச் சதம். 2023 இந்தூர்: முதல் இன்னிங்ஸில் குனமன் ஐந்து, இரண்டாவதில் லயன் எட்டு. 2024 ஹைதராபாத்: அறிமுகப் போட்டியில் டாம் ஹார்ட்லி, இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும் ஏழு. சென்னையை ஒதுக்கினால் மற்ற மூன்றிலும் இந்தியத் துடுப்பாட்டத்தைக் குலைத்தவர்கள் வந்த அணியின் சுழற்பந்து வீச்சாளர்களே. லயனைத் தவிர யாரும் பெரிய பெயரல்லர்.

இதன் இயக்கம் எளிமையானது. முதல் நாள் பந்து மெல்லத் திரும்பி, நான்காம் நாள் வெடிக்கும் ஆடுகளத்தில் அஸ்வினுக்கும் சாதாரணச் சுழற்பந்து வீச்சாளருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. பந்து திரும்பாத வேளையிலும் விக்கெட் எடுக்கத் தெரிந்தவர் அவர். முதல் நாளிலிருந்தே திரும்பும் ஆடுகளத்தைக் கொடுத்தால், ஒரே இடத்தில் விடாமல் பந்தை இறக்கத் தெரிந்த எவரும் போதும். மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். நம்முடைய மேன்மையை நாமே எதிரணிக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறோம். அங்கே நாணயச் சுண்டலின் விலையும் ஏறிவிடுகிறது. புணேயிலும் மும்பையிலும் அதை வென்றது நியூசிலாந்து. பெங்களூரு இந்தக் கணக்கில் சேராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஆடுகளத்தைத் தவறாகக் கணித்ததாக ரோகித் சர்மாவே சொன்னார்.

தொடர் முடிந்ததும் விவாதம் எங்கே போயிற்று? ஆறு இன்னிங்ஸ்களில் கோலி 93, ரோகித் 91. ஆகவே இருவரும் எப்போது ஓய்வு பெறுவார்கள்? கேள்வி தவறில்லை. ஆனால் 2025 ஜனவரியில் டெல்லிக்காக ரஞ்சிப் போட்டியில் கோலி களமிறங்கியபோது, அது 2012க்குப் பின் அவருடைய முதல் ரஞ்சி ஆட்டம். உள்நாட்டுச் சுழற்பந்தை ஆண்டுக்கணக்கில் ஆடாத தலைமுறையிடம், திரும்பும் ஆடுகளத்தில் பொறுமையை எதிர்பார்த்தது யார் என்ற கேள்வியை எவரும் அதே உரத்தில் கேட்கவில்லை. இருவரும் 2025 மே மாதம் டெஸ்டிலிருந்து விலகினார்கள். அஸ்வின் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே விலகிவிட்டார். ஆள்கள் மாறினார்கள், ஆடுகளம் மாறவில்லை.

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கொல்கத்தாவில் இலக்கு 124 மட்டுமே. சைமன் ஹார்மர் இரண்டு இன்னிங்ஸிலும் நான்கு நான்காக எட்டு விக்கெட் எடுத்தார். இந்தியா 93இல் முடிந்தது. கேட்ட ஆடுகளமே கிடைத்தது என்றார் பயிற்சியாளர் கம்பீர். அடுத்து குவாஹாட்டியில் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ஓராண்டு இடைவெளியில் இரண்டாவது முறை சொந்த மண்ணில் தொடர் முழுவதையும் இழந்த பிறகும் ‘அதிர்ச்சி’ என்ற சொல் அலுக்காமல் திரும்பி வந்தது.

கொல்கத்தா ஆட்டம் முடிந்த பிற்பகலில் ஊரிலிருக்கும் நண்பன் ‘என்ன ஆச்சு?’ என்று செய்தி அனுப்பியிருந்தான். யோசிக்காமல் பதில் தட்டினேன்: ‘93க்குச் சுருண்டுட்டாங்க.’ ஹார்மரின் பெயர் அதில் இல்லை.